ஒரே செல்லில் சவ்வூடு பரவல்: திரையில் நேரடியாகக் காட்டும் முறை

செல் சவ்வின் வழியே நீர் உப்பு அதிகமுள்ள பக்கம் நகர்வதுதான் சவ்வூடு பரவல். இதை வெங்காயத் தோலில், கேமரா பொருத்திய நுண்ணோக்கி வழியாக வகுப்புக்குக் காட்ட, முதல் தடவை நான் இரண்டு ஸ்லைடுகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் உப்புக் கரைசல். திரையில் மாற்றி மாற்றிக் காட்டியபோது ஒரு பெண் கேட்டாள்: "இது வேற வெங்காயமா மிஸ்?" நியாயமான கேள்வி. செல் மாறுவதை அவள் பார்க்கவே இல்லையே. அன்றிலிருந்து ஒரே ஸ்லைடுதான், அதே செல்கள்தான்.

நல்ல ஊதா நிற வெங்காயமாக எடுங்கள். நிறம் இருப்பது சதைப்பற்றான இதழின் வெளிப்பக்கத் தோலில். உட்பக்கத் தோல் எளிதாக உரிந்து வரும், ஆனால் நிறமற்றது; திரையில் ஒன்றும் தெரியாது. இதழை வெளிப்பக்கமாக மடக்கி ஒடித்தால் வெளித்தோல் கிழியாமல் தொங்கும். அதை இடுக்கியால் மெதுவாக இழுத்து, அரை சென்டிமீட்டர் துண்டு வெட்டி, உடனே ஸ்லைடில் உள்ள தண்ணீர்த் துளியில் விரியுங்கள். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழி வராது.

10 மடங்கு லென்ஸ் போதும். 40க்குப் போனால் செல் பெரிதாகத் தெரியும், ஆனால் கரைசல் ஓடும்போது ஃபோகஸ் அடிக்கடி நழுவும்.

அடுத்தது கேமரா. ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ் (நீர் நிறைந்த பை, வாக்குவோல்) நீரை இழந்து சிறுக்கும்போது, உள்ளே இருக்கும் ஆந்தோசயனின் நிறமி அடர்ந்து ஊதா கருக்கும். கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தால், அந்தக் கருமை செல்லில் ஏற்பட்டதா, கேமரா செய்ததா என்று சொல்லவே முடியாது. ஒளியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் செல் சுவர் தெளிவாகத் தெரியும். அப்புறம், பிள்ளைகளிடம் திரையில் ஒரு செல்லைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். கடைசி வரை அதுதான் "நம்ம செல்".

100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். வீடியோவை ஓடவிட்டு, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் இரண்டு துளி விடுங்கள். எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி, கரைசலை உள்ளே இழுக்கும். ஸ்லைடு அசையக் கூடாது, ஒரு கை ஃபோகஸ் திருகிலேயே இருக்கட்டும்.

சில நிமிடங்களில் மூலையில் தொடங்கும். ஊதாப் பகுதி சுவரை விட்டு விலகி உள்நோக்கி ஒதுங்கும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. "செல் சுருங்கிடுச்சு" என்று வகுப்பே சொல்லும். அங்கே வீடியோவை நிறுத்தி, சுவரைத் தொட்டுக் காட்டுங்கள். சுவர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுருங்கியது சுவருக்கு உட்புறமுள்ள மெல்லிய சவ்வும் அதற்குள் இருப்பதும்தான். "அந்த இடைவெளியில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். காற்று என்பார்கள், வெற்றிடம் என்பார்கள். உப்புக் கரைசல்தான் இருக்கிறது. சுவர் உப்பையும் நீரையும் விட்டுவிடும், சவ்வோ உப்பை எளிதில் விடாது. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இந்தக் கேள்விதான், அவசரப்படாதீர்கள்.

உடனே அதே வழியில் வெறும் தண்ணீரை மூன்று நான்கு முறை செலுத்துங்கள். ஊதா மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொடும். செல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. உப்பில் அதிக நேரம் விட்டால் செல் இறந்துவிடும், மீண்டு வராது. நேரம் இருந்தால், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த தோலிலும் இதையே செய்யுங்கள். சவ்வு கெட்டு நிறமி கசிந்திருக்கும், உப்பு விட்டாலும் ஊதாப் பகுதி முன்போல ஒதுங்காது.

முடிந்ததும் லென்ஸையும் மேடையையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். உப்பு உலோகத்தை அரித்துவிடும்.