ஒரே ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: சளிக்காய்ச்சல் பரவாமல் தடுக்கும் செய்முறை

கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து விடியுமுன் கிளம்பி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் தோளோடு தோள் இடித்துத்தான் உட்கார முடியும். காய் எடுப்பு பெரும்பாலும் மழையோடு வருகிறது. ஃப்ளூ கூடுவதும் மழைக்காலத்தில்தான். ஃப்ளூவோ கொரோனாவோ, நோயாளி பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த இடத்தில் மிதந்துகொண்டே இருக்கும். அடுத்தவர் அதை மூச்சில் இழுத்துவிடுவார். ஏலச்செடிகளுக்கு நடுவே திறந்த வெளியில் ஆபத்து குறைவு. ஜீப், சாப்பிடும் கொட்டகை, காய் பொறுக்கும் அறை, வீடு: இந்த நான்கையும் கவனித்தால் போதும்.

படி 1: சீசன் தொடங்கும் முன் பேசி முடியுங்கள்

இதை விட்டுவிட்டு மாஸ்க்கில் தொடங்கினால் பயனில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, இடமும் போய்விடும் என்ற பயத்தில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். அவரிடமிருந்து வைரஸ் வெளிவருவது நிற்காது. மெடிக்கலில் பெயர் தெரியாமல் வாங்கும் ‘செட்’ மாத்திரையும் அப்படியே. அதில் ஆன்டிபயாட்டிக் இருந்தாலும் வைரஸை ஒன்றும் செய்யாது.

கங்காணி, டிரைவர், ஜீப்பில் வருபவர்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். காய்ச்சல், இருமல் வந்தால் யாரிடம் சொல்வது, அவருக்குப் பதில் யார் போவது, குணமானதும் அதே இடம் அவருக்கு உண்டா என்பவை அவை. வாரம் ஆளுக்குக் கொஞ்சம் பொதுவில் போட்டு வைத்தால் படுத்தவர் வீட்டில் அரிசி பருப்பு வாங்கவாவது உதவும்.

படி 2: ஜீப்பில் காற்று ஓடட்டும்

மலையேறும்போது குளிருக்கும் சாரலுக்கும் படுதாவை முழுக்க இறக்கிவிடுவது வழக்கம். அப்போதுதான் பரவல் அதிகம். முன்பக்கக் கண்ணாடி இரண்டையும் நான்கு விரல் அளவு இறக்கி, பின்படுதாவைச் சுருட்டிக் கட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளேயே சுழலும். நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி என இரண்டும் வேண்டும். பலத்த மழையில் பின்படுதாவைப் பாதியாவது தூக்கி வையுங்கள். செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது காற்றோட்டமும் நின்றுவிடும், ஆகவே அங்கே இறங்கி நில்லுங்கள். குளிருக்கு ஸ்வெட்டரும் தலைத்துண்டும் இருக்கின்றன.

படி 3: மாஸ்க்

துண்டும் சேலைத் தலைப்பும் போதாது. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் என்95 நல்லது. மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திவிட்டு, பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணோரம் காற்று பட்டால் ஓட்டை இருக்கிறது, மறுபடி சரிசெய்யுங்கள். தாடி அடர்த்தியாக இருந்தால் ஓரம் ஒட்டாது. என்95-ஐ சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள். துகளை இழுத்துப் பிடிக்கும் அதன் மின்னூட்டம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் பேப்பர் கவரில் போட்டு உலரவிட்டு, நாலைந்து மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போடலாம். பட்டை தளர்ந்தாலும் அழுக்கானாலும் தூக்கிப் போடுங்கள். மழையில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது கடினம், பையில் உலர்ந்த ஒன்று இருக்கட்டும்.

படி 4: வீட்டில் ஓர் அறை, ஒரு ஃபேன்

நோயாளிக்கு ஜன்னல் உள்ள அறையைக் கொடுங்கள். சீலிங் ஃபேன் அதே காற்றைத்தான் சுழற்றும். டேபிள் ஃபேனை ஜன்னலில் *வெளிப்பக்கம் பார்த்து* வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடையுங்கள். கதவைச் சாத்தி, அடியில் மட்டும் இடைவெளி இருக்கட்டும். வீட்டின் மற்ற ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி ஒன்று போதும். கதவுக்கு வெளியே, அடி இடைவெளியின் பக்கத்தில் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. கூடத்துப் பக்கம் திரும்பினால் அறைக் காற்று உங்கள் பக்கம் வருகிறது என்று அர்த்தம். அட்டை இடைவெளியையும், ஃபேன் திரும்பியிருக்கும் பக்கத்தையும், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். அது ஓடினால் காற்றைத் தன் பக்கம் இழுக்கும்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒற்றை அறைதான் இருக்கும். அங்கே நோயாளியை ஜன்னலோரம் படுக்கவைத்து, ஃபேன் காற்று அவர் மேல் பட்டு வெளியே போகுமாறு வையுங்கள். உள்ளே நோயாளி, கூட இருப்பவர் இருவருமே மாஸ்க் போடுங்கள். சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் கூடி ஆவி பிடிப்பதை விட்டுவிடுங்கள், அது வைரஸைக் கொல்லாது.

படி 5: துடைப்பது

கதவுக் கைப்பிடி, ஜீப் கம்பி, பொது டம்ளர். கையை 20 நொடி சோப்பு போட்டுக் கழுவினாலே பெரும்பங்கு தீர்ந்தது. பிளீச்சிங் பவுடர் வேண்டுமானால் 5 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம். 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். தினமும் புதிதாகக் கரையுங்கள். டாய்லெட் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும்.

படி 6: எப்போது திரும்பலாம், எப்போது ஆஸ்பத்திரி

குறைந்தது 5 நாள் வீட்டில் இருங்கள். அதோடு, மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். பத்தாம் நாள் வரை ஜீப்பில் மாஸ்க் போடுங்கள். முதல் நாள் கொரோனா கிட்டில் நெகட்டிவ் வந்தால் நம்பி ஏறிவிடாதீர்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை வைக்கும்போது விரல் சூடாக இருக்க வேண்டும்; நெயில் பாலிஷும் மருதாணியும் அளவைக் குழப்பும். ஒரு நிமிடம் நிலையாக நிற்கும் எண்தான் கணக்கு. 94-க்குக் கீழே போனால் அன்றே டாக்டரிடம் போங்கள். 90-க்குக் கீழே, மூச்சுத் திணறல், உதடு நீலம், பேச்சுக் குழறல் என்றால் 108; அது இரு மாநிலத்திலும் ஒன்றே. ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திஷா 1056.

டாக்டரிடம் ஏலத்தோட்ட வேலை என்றும், எந்த ஊரில் என்றும் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் தோட்ட ஆட்களுக்கு வரும். அவற்றுக்கு மருந்தே வேறு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.