நவுரு, துவாலு: இரு குட்டித் தீவு நாடுகளின் பரப்பையும் நிலப் பயன்பாட்டையும் ஒப்பிடுவது எப்படி?

நவுருவின் நிலப்பரப்பு 21 சதுர கிலோமீட்டர், துவாலுவினுடையது 26. இரண்டும் பசிபிக் பெருங்கடலில் இருக்கின்றன. இரண்டிலுமே மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டித்தான். ஐந்து நிமிட வேலை என்று தோன்றும். ஆனால் இங்கே 1 ச.கி.மீ. பிசகினால் நவுருவின் கணக்கில் ஏறக்குறைய 5 விழுக்காடும், துவாலுவின் கணக்கில் 4 விழுக்காடும் இடம் மாறிவிடும். பெரிய நாடுகளில் யாரும் பொருட்படுத்தாத தசமப் பிசகு இங்கே முடிவையே புரட்டிப் போட்டுவிடும்.

முதலில், எந்தப் பரப்பு என்று முடிவு செய்யுங்கள். நவுரு ஒரே தீவு. கடலிலிருந்து மேலெழும்பிய பவளப்பாறைத் திட்டு. துவாலுவோ சாதாரணத் தீவுகளும் வளையப் பவளத்தீவுகளுமாக மொத்தம் ஒன்பது சேர்ந்த நாடு. வளையத் தீவு என்றால் நடுவே காயல், அதைச் சுற்றி நூல் மாதிரி நிலம். தலைநகரான புனாபுட்டியில் நிலம் 2.4 ச.கி.மீ.தான், காயலோ சுமார் 275 ச.கி.மீ. வரைபடத்தில் வளையத்தின் வெளி விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டால் நிலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் வந்து நிற்கும். தனிப் பொருளாதாரக் கடல் மண்டலத்தையும் (மீன்பிடிப்பு போன்றவற்றில் ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமையுள்ள கடற்பகுதி) நிலத்தோடு கலக்காதீர்கள். நவுருவுக்கு அது சுமார் 3 லட்சம் ச.கி.மீ., துவாலுவுக்கு 7 லட்சத்துக்கும் மேல். அதற்குத் தனிப் பத்தி போடுங்கள்.

அடுத்தது, விழுக்காடு காண வகுக்கும் எண், அதாவது நாட்டின் மொத்தப் பரப்பு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். நிலப் பயன்பாட்டுக்கு எல்லோரும் எடுப்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் தரவு. உலக வங்கியின் அட்டவணையும் அதிலிருந்தே வருகிறது. அதன் அலகு ஆயிரம் ஹெக்டேர், அதாவது 10 ச.கி.மீ. அந்த அலகில் முழு எண்ணாக்கியதால் நவுரு 20 ச.கி.மீ. என்றும் துவாலு 30 ச.கி.மீ. என்றும் பதிவாகியிருக்கின்றன. நவுரு சற்றே சுருங்கியது, துவாலு நன்றாகவே ஊதிவிட்டது.

விளைவைப் பாருங்கள். துவாலுவில் வேளாண் நிலம் 60 விழுக்காடு, காடு 33 விழுக்காடு என்று அட்டவணை சொல்லும். விழுக்காட்டை அப்படியே நகலெடுக்காமல் ஹெக்டேருக்குத் திருப்புங்கள்: 1,800 ஹெக்டேர், 1,000 ஹெக்டேர். கூட்டினால் 28 ச.கி.மீ. நாடே 26 ச.கி.மீ.தான்! ஆக, இந்த இரண்டில் ஒன்றாவது (பெரும்பாலும் இரண்டுமே) தோராயமான மதிப்பீடு. எந்த அட்டவணையை எடுத்தாலும் இந்தக் கூட்டல் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். நவுருவின் வேளாண் நிலம் 400 ஹெக்டேர். 20-ஆல் வகுத்தாலும் 21-ஆல் வகுத்தாலும் 20, 19 என்றுதான் வரும். பிசகு இரு நாட்டுக்கும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் ஒப்பீட்டைக் கெடுப்பது.

மூன்றாவது, பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நவுருவில் 'பிற நிலம்' 80 விழுக்காடு. பாஸ்பேட் சுரங்கத்தால் பாழானதும் சுமார் 80 விழுக்காடு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது நூறிலிருந்து வேளாண் நிலத்தைக் கழித்த மிச்சம். அதில் கரையோர வீடுகளும் விமான ஓடுபாதையும் அடக்கம். இரண்டாவது நடுமேட்டில் 1900-களின் தொடக்கத்திலிருந்து தோண்டப்பட்ட பகுதி, கூரிய சுண்ணாம்புப் பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் இடம். எண் ஒத்துப்போகிறதே என்று ஒன்றுக்கு மற்றதைச் சான்றாகக் காட்டாதீர்கள். துவாலுவில் வேளாண் நிலம் என்றால் பெரும்பகுதி தென்னைதான். புலக்கா கிழங்குக்கு நிலத்தடி நன்னீர் தட்டும்வரை வெட்டிய குழிகள் தனி, அவை அளவில் மிகச் சிறியவை.

செயற்கைக்கோள் படத்தை நம்பினால் வேறு குழப்பம். தென்னந்தோப்பும் 'மரம்', சுரங்கக் குழியில் தானாக முளைத்த புதரும் பச்சை. நிலம் எதனால் மூடியிருக்கிறது என்பது வேறு, எதற்குப் பயன்படுகிறது என்பது வேறு. புனாபுட்டியின் ஓடுபாதை 1943-இல் அமெரிக்கப் படைகள் போட்டது. விமானம் வராத மாலைகளில் அதுவே ஊரின் விளையாட்டுத் திடல். அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? போக்குவரத்து என்றே போடுங்கள், அடிக்குறிப்பில் மற்றதைச் சொல்லுங்கள்.

நீங்களே அளப்பதானால் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீச்சில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் ஒரு முறை) தட்டையாக அளந்தால் நிலநடுக்கோட்டை ஒட்டிய நவுருவுக்குப் பெரிதாகப் பிசகாது, 8.5 பாகை தெற்கிலுள்ள புனாபுட்டி 2 விழுக்காடு கூடுதலாக வரும். அதனால் பூமியைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்து வரையும் யு.டி.எம். முறையில் நவுருவுக்கு 58 தெற்கு, துவாலுவுக்கு 60 தெற்கு என்ற பட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கோடாக நீரின் விளிம்பை எடுக்காதீர்கள், அலை ஏற்றத்துக்கு ஏற்ப அது நகரும். செடிகொடிகள் முடியும் விளிம்பை எடுங்கள். கோடு 5 மீட்டர் தள்ளிப் போனால் என்ன ஆகும்? 19 கி.மீ. சுற்றளவுள்ள உருண்டையான நவுருவில் பிசகு சுமார் 9.5 ஹெக்டேர், அரை விழுக்காடுகூட இல்லை. 100 மீட்டர் அகல நிலத்துண்டில் இருபுறமும் 5 மீட்டர் போனால் 10 விழுக்காடு. அதனால் ஒரு புள்ளி 10 மீட்டர் நிலத்தைக் காட்டும் செயற்கைக்கோள் படம் துவாலுவுக்கு உதவாது.

ஆண்டையும் எழுதுங்கள். 1971-க்கும் 2014-க்கும் இடையே துவாலுவின் நிலம் 73.5 ஹெக்டேர், அதாவது 2.9 விழுக்காடு கூடியதாக வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து 101 தீவுத்துண்டுகளை அளந்த ஆய்வு காட்டியது. அலைகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் பவளத்தூளும்தான் காரணம். 2023-இல் புனாபுட்டியில் கடலைத் தூர்த்து 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்தில் புது நிலம் உருவாக்கினார்கள். அந்த ஏழு ஹெக்டேர்ச் சொச்சம் புனாபுட்டிக்கு 3 விழுக்காடு, நாட்டுக்கு 0.3 விழுக்காடு. அதற்காக 26-உடன் 0.07-ஐக் கூட்டி 26.07 என்று எழுதிவிடாதீர்கள்: 26 என்பதே 25.5-க்கும் 26.5-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் எண்.