முயல் கடிக்காமல் மரக்கன்றுகளைக் காப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் நம்ம திருநெல்வேலிப் பக்கம் கன்று வைக்கிறோம். மாசி, பங்குனியில் விளையில் (தோட்டத்தில்) இருக்கிற புல்லெல்லாம் காய்ந்துவிடும். அப்போது முயலுக்குப் பச்சையாகத் தட்டுப்படுவது நாம் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற நெல்லியும் கொடுக்காப்புளியும்தான். அதனால் காவலைக் கன்று நடுகிற அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

1. கடித்தது யார்?

ஏற்கெனவே கடி விழுந்திருந்தால் தண்டைக் குனிந்து பாருங்கள். ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, பிய்த்து இழுக்கும். நுனி நார் நாராகத் தொங்கும். முயலுக்கு மேலும் கீழும் உளிப்பல். கத்தியால் சாய்வாகச் சீவினதுபோல் வெட்டு இருக்கும், வெட்டின துண்டு தின்னாமல் பக்கத்திலேயே கிடப்பதும் உண்டு. புழுக்கையும் சாட்சி சொல்லும்: முயலுடையது உருண்டை, உடைத்தால் உள்ளே வைக்கோல்தூள் மாதிரி இருக்கும். ஆடு என்றால் கீழே சொல்கிற வலைக் கூண்டு போதாது, வேலிதான் வேண்டும்.

2. வலைக் கூண்டு

ஒரு அங்குலம் அல்லது அதற்கும் சின்னக் கண் உள்ள கோழிவலை, மூன்றடி உயரத்தில் வாங்குங்கள். முயல் பின்னங்காலில் நின்று எட்டும், ஒன்றரை அடி வலை வீண். மூன்றரை அடி நீளத்துக்கு வெட்டி வளைத்தால், ஓரம் மடக்கிக் கட்டினது போக ஓரடி அகலக் கூண்டு கிடைக்கும். கன்றை நடுவில் விட்டு இரண்டு கம்பு ஊன்றிக் கட்டுங்கள். வலை தண்டில் உரசக் கூடாது; உரசினால் வலைக் கண் வழியாகவே கடிக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் வலையை ஆழமாகப் புதைக்கச் சொல்வார்கள். அங்கே உள்ள முயல் வளை தோண்டுகிற சாதி. நம்ம காட்டு முயல் வளை தோண்டாது, புல் மறைவில் பள்ளமாக அழுத்திப் படுத்துக்கொள்ளும். ஆகவே அவ்வளவு பாடு வேண்டாம். ஆனால் அடியில் இடுக்கு இருந்தால் முட்டி நுழைந்துவிடும். நாலு விரல் மண்ணில் இறக்கி, மேலே கல் வையுங்கள். திசையன்விளைத் தேரி (செம்மணல் மேடு) மணல் ஆடிக் காற்றில் நகரும், அங்கே வாரம் ஒருமுறை அடியைப் பார்த்தே ஆக வேண்டும்.

3. வலை வாங்கக் காசில்லையா?

பனங்கருக்கு மட்டை இருக்கிறதே! மூன்றடியாக நறுக்கி, கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றி, நார் போட்டுக் கட்டிவிடுங்கள். அடியைச் சுற்றி உடைமுள்ளும் போட்டால் ஆடுகூட யோசிக்கும். எனக்குக் கேட்டால் இதுதான் ஒசத்தி. வெயிலில் கம்பிபோல் சுடாது, காற்றையும் கொஞ்சம் தடுக்கும்.

வேப்பெண்ணெய், முட்டைக்கரைசல் தெளிப்பது துணைக்குத்தான். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், புதுத் தளிருக்குப் பூச்சும் இருக்காது.

கண்ணி வைப்பதும் மின்கம்பி இழுப்பதும் கூடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். மின்கம்பியில் மனுசரும் சாவார்கள்.

4. கடித்துவிட்டால்

நுனி போனால் பிடுங்காதீர்கள். கீழே துளிர்க்கிறதில் நேரான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். முருங்கை சீக்கிரம் தேறிவிடும். ஒட்டு மா ஒட்டுக்குக் கீழே வெட்டுப்பட்டிருந்தால், வருவது அடிக்கன்றின் துளிர்தான், மாற்றி நடுங்கள். பட்டையை ஒரு பக்கம் உரித்திருந்தால் பிழைக்கும், சுற்றி உரித்திருந்தால் இலையில் செய்த சத்து வேருக்கு இறங்காது, மேல்பாகம் பட்டுப்போகும்.

பட்டை முரடாகும்வரை கூண்டு இருக்கட்டும். தண்டு பருத்துக் கம்பியைத் தொடுமுன் கட்டை அவிழ்த்து அகலமாக்குங்கள்.