கலிபோர்னியா பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா? ஊர்த் தடுப்பூசி புத்தகத்தை அப்படியே நீட்டாதீர்கள்

2024 ஆகஸ்டில், சான்ட்டா கிளாரா கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வந்த மூன்றாம் வாரம், மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனேன். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் சரி, தடுப்பூசி புத்தகத்தைப் பார்த்ததும் அலுவலகத்து அம்மா உதட்டைப் பிதுக்கினார். மூன்று முறை அலைந்தபின் புரிந்ததை எழுதுகிறேன். கலிபோர்னியாவுக்கு மட்டும்தான், மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்.

படி 1: என்னென்ன வேண்டும்
டிடிஏபி (டிப்தீரியா, டெட்டனஸ், கக்குவான்) 5 தவணை, போலியோ 4, ஹெபடைடிஸ் பி 3, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) 2, சின்னம்மை 2. நாலாவது பிறந்தநாளுக்கு அப்புறம் ஒன்று போட்டிருந்தால் டிடிஏபி 4, போலியோ 3 போதும். பிசிஜி (காசநோய் ஊசி), டைபாய்டு எல்லாம் கேட்கமாட்டார்கள்.

படி 2: புத்தகத்தை அட்டவணையாக மாற்றுங்கள்
ஸ்கேன் செய்யும் ஆப் எதுவும் வேண்டாம், டாக்டர் கையெழுத்தை அது படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். கூகுள் ஷீட்டில் நீங்களே அடியுங்கள். ஊரில் 'பென்டா' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள், அதற்குள் டிப்தீரியா, கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி) ஐந்தும் இருக்கின்றன. 'ஹெக்ஸா' என்றால் போலியோவும் சேர்த்தி. ஒவ்வொன்றையும் அதனதன் வரிசையில் போடாவிட்டால், இங்கே ஊசியே போடவில்லை என்றுதான் கணக்கு.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். மகள் பிறந்தது 2019 ஆகஸ்ட் 12. சின்னம்மை ஊசி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நீல மையில் 03/09/2020 என்று இருந்தது, அதாவது செப்டம்பர் 3. இங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் அந்த அம்மா மார்ச் 9 என்று படித்து, ஏழு மாதக் குழந்தைக்குப் போட்டது செல்லாது என்று அடித்துவிட்டார். அதை நிமிர்த்தவே ஒரு வாரம் போனது.

படி 3: நான் விழுந்த பள்ளம், எம்எம்ஆர்
நம் ஊரில் ஒன்பதாவது மாதத்தில் முதல் ஊசி, பதினைந்தில் இரண்டாவது. ஆக இரண்டு போட்டாயிற்று என்று நினைத்தேன். கலிபோர்னியாவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது, நாலு நாள் முன்னதாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்கள். ஆக எங்களுக்கு ஒன்றுதான் தேறியது. அரசு ஆஸ்பத்திரியில் போட்டவர்கள் இன்னொன்றையும் பாருங்கள், அங்கே கொடுப்பது எம்ஆர், அதில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்தே இல்லை.

படி 4: பாக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள்
எங்களுக்கு டிடிஏபி ஒன்று, எம்எம்ஆர் ஒன்று. எம்எம்ஆரும் சின்னம்மையும் பாக்கி என்றால் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் 28 நாள் இடைவெளி வேண்டும். இன்சூரன்ஸ் இன்னும் வரவில்லையா? குழந்தைகளுக்கான விஎஃப்சி திட்டத்தில் உள்ள கிளினிக்கைத் தேடுங்கள், மருந்துக்குக் காசில்லை.

தடுப்பூசியிலிருந்து விலக்கு வாங்கலாமா?
"மத நம்பிக்கை என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாமே?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். விடமாட்டார்கள். டிஸ்னிலேண்டில் 2014 டிசம்பரில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பின் எஸ்பி 277 சட்டம் வந்தது, 2016 ஜூலை 1 முதல் மதமோ சொந்தக் கருத்தோ இங்கே செல்லாது. மருத்துவக் காரணம் மட்டுமே உண்டு, அதையும் 2021 முதல் டாக்டர் மாநிலத்தின் கெய்ர்-எம்ஈ தளம் வழியாகத்தான் தரவேண்டும், லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் பயனில்லை. நியூயார்க்கும் 2019-ல் மத விலக்கை எடுத்துவிட்டது. டெக்சாஸில் மனசாட்சிக் காரணம் சொல்ல வழியுண்டு, வாட்ஸாப்பில் சுற்றுவது பெரும்பாலும் அந்தக் கதைதான். என்னைக் கேட்டால், பத்து நிமிட ஊசிக்குப் பயந்து இதன் பின்னால் அலைவது வீண்.

பிற்சேர்க்கை: இரண்டு பேர் போலியோவில் மாட்டியிருக்கிறார்கள். 2016 ஏப்ரலுக்குப் பிறகு போட்ட சொட்டு மருந்தில் இரண்டாம் வகை வைரஸ் இல்லை, அதனால் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்) அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசியாகப் போட்டதை மட்டும் எண்ணுங்கள்.

இன்னொன்று, எங்கள் கவுண்டியில் காசநோய் படிவமும் கேட்பார்கள். பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை தேவையில்லாமல் பாசிட்டிவ் காட்டலாம், ரத்தப் பரிசோதனையாகவே கேட்டு வாங்குங்கள்.