வாரியக் குடியிருப்பில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணை நிற்பது எப்படி?

சென்னை பெரும்பாக்கத்தில் இருப்பதைப் போன்ற, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பல மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பழுதானால் மற்றவர்கள் மூச்சிரைக்கப் படியேறிவிடுவார்கள். முழங்கால் தேய்ந்தவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அன்று மருத்துவமனையும் இல்லை, ரேஷனும் இல்லை. ஆகவே குடியிருப்போர் சங்கம் முதலில் பிளாக் வாரியாக ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். எந்த மாடியில் யார் இருக்கிறார், அவரால் படி இறங்க முடியுமா, மாத்திரை எப்போது தீரும், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பவற்றை அவருடைய சம்மதத்தோடு அவரிடமே கேட்டு எழுதுங்கள். மகனிடமோ மருமகளிடமோ மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிச் செய்தி விட்டுப்போகும்.

மேல்மாடியில் அவதிப்படுபவருக்காகத் தரைத்தள வீடு கேட்டு வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவர் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மனுவின் பிரதியில் தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 37ஆம் பிரிவு, அரசு வீட்டுத் திட்டங்களின் ஒதுக்கீட்டில் 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்களுக்கு 5 சதவீத இடத்தை உறுதி செய்கிறது. மாடி மாற்றத்தைப் பற்றி அது நேரடியாகப் பேசாவிட்டாலும், இது சலுகை அல்ல, உரிமை என்பதை மனுவில் தயங்காமல் எழுதலாம்.

வாசலில் சாய்தளம் கட்டும்போது மேஸ்திரியிடம் 1:12 என்ற கணக்கைச் சொல்லிவிடுங்கள். 15 சென்டிமீட்டர் உயரப் படிக்குக் குறைந்தது 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று குறுக்கிக் கட்டினால் நாற்காலி பின்னோக்கிச் சரியும். கழிவறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவது ஆபத்து. உடல் எடையைத் தாங்கும் கைப்பிடியைச் சுவரில் ஆழத் துளையிட்டுப் பொருத்த வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளரிடம் பெயரைப் பதிந்துவிடலாம். ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவர, 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கவனிப்பாரற்ற முதியவர் என்றால் 14567 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

லிஃப்ட் நிற்கும் நாளில் யார் குடிநீர் கொண்டுபோவது, யார் மாத்திரை வாங்கி வருவது என்பதை முன்கூட்டியே மாடிக்கு இருவர் என்று பெயர் குறித்து, அவர்களின் கைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த முதியவரின் கட்டிலருகே ஒட்டிவையுங்கள்.