பேருந்து டிப்போவில் சுழற்சிப் பொருளாதாரம்: டயரிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், ஏறத்தாழ 20,000 பேருந்துகள். இவ்வளவு பெரிய அமைப்பில் 'வளங்களைச் சேமிப்போம்' என்று தலைமையகம் ஓர் இலக்கு வைத்தால், அது கடைசியில் வந்து இறங்கும் இடம் டிப்போதான். அங்கே புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளரிடமோ பயிற்சிக்கு வந்த மாணவரிடமோ திட்டம் போடச் சொன்னால், பெரும்பாலும் முதலில் குப்பைத் தொட்டிகளுக்குப் பச்சை, நீலம் அடிப்பார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சுழற்சிப் பொருளாதாரம் என்பது பெயர்தான் பெரியது. வாங்கிய பொருளை நீண்ட நாள் உழைக்க வைப்பது, பழுதானால் சரிசெய்வது, பிறகு புதுப்பிப்பது, எதுவும் முடியாதபோது மட்டும் உருக்கி வேறொன்றாக்குவது. வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: ஸ்டோர் பதிவேட்டை எடுங்கள்

வெளியே போகும் கழிவை எடை போடுவதற்கு முன், உள்ளே வந்ததைக் கணக்கெடுங்கள். கடந்த 12 மாதங்களில் ஸ்டோரிலிருந்து வழங்கிய டீசல், டயர், ட்ரெட் ரப்பர் (தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டுவது), என்ஜின் ஆயில், பேட்டரி, பிரேக் லைனர். ஒவ்வொன்றையும் அதே காலத்தில் வண்டிகள் ஓடிய மொத்தக் கிலோமீட்டரால் வகுத்து எழுதுங்கள்.

மொத்த லிட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான்கு நடைகளை ரத்து செய்தாலும் டீசல் குறையும். பயணி நிறுத்தத்தில் நிற்பார், அறிக்கையில் சேமிப்பு என்று பதிவாகும்.

படி 2: டயர்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பேருந்துக்கு ஓடும் டயர் ஆறு: முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நான்கு. தரையில் தேய்வது மேலே இருக்கும் ட்ரெட் மட்டும். விலையிலும் எடையிலும் பெரும்பங்கு அடியில் இருக்கும் கேசிங்கில், அதாவது டயரின் உடலில்தான். கேசிங் நன்றாக இருந்தால், மேலே மிஞ்சியதைச் சீவி, காயங்களை அடைத்து, குஷன் கம் என்ற ஒட்டும் ரப்பரை வைத்து, புது ட்ரெட் பட்டையைச் சுற்றி, சேம்பரில் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து எடுக்கலாம். இதுதான் ரீட்ரெடிங்.

கணக்கு இப்படி. எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் டிப்போ எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். புது டயர் 24,000 ரூபாய், 60,000 கி.மீ. ஓடுகிறது: கிலோமீட்டருக்கு 40 பைசா. ரீட்ரெட் செலவு 7,000 ரூபாய், மேலும் 40,000 கி.மீ.: 17.5 பைசா. இரண்டையும் சேர்த்தால் 31 பைசா.

இதைப் பார்த்ததும் 'டயரைக் கடைசிவரை ஓட்டிவிட்டு அனுப்பலாமே' என்று தோன்றும். அது சிக்கனம் போலத் தெரியும் நஷ்டம். ட்ரெட் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்கிறது சட்டம். ரீட்ரெட் செய்ய நினைப்பவர் 3 மி.மீ. அளவிலேயே கழற்றிவிடுவது நல்லது. உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்துவிட்டால் கேசிங் போச்சு; 7,000 ரூபாய் வேலைக்குப் பதில் 24,000 ரூபாய்க்குப் புதுசு.

டயர் பிரிவில் நின்று இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பின்னால் உள்பக்க டயரின் காற்று. வால்வு கைக்கு எளிதில் எட்டாது என்பதால் வெளிச்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவது எல்லா ஊரிலும் உண்டு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், கேசிங் உள்ளுக்குள்ளேயே வீணாகும். வால்வுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டால் தீர்கிற பிரச்சினை. இன்னொன்று, இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கும் கல். வண்டி உள்ளே வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ரீட்ரெட் டயரைப் பின்சக்கரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் புதுசுதான். இதில் சமரசம் வேண்டாம்.

படி 3: டீசல்

டிப்போவில் எல்லோரும் பேசும் எண் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். தினமும் 300 கி.மீ. ஓடும் 100 பேருந்துகளில் அது 5.0-லிருந்து 5.2 ஆனால், நாளுக்கு ஏறக்குறைய 230 லிட்டர் மிச்சம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும் என்பதால், 600 கிலோவுக்கு மேல் அதுவும் குறைகிறது.

எண் குறைந்ததும் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதுதான் வழக்கம். முதலில் வண்டியைக் கேளுங்கள். வண்டி வந்து நின்றதும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் நான்குக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக அடித்தால், அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. டீசலும் போகும், லைனரும் போகும்.

படி 4: ஆயில், பேட்டரி, தண்ணீர்

கழிவு ஆயிலைக் கூலன்ட்டோடும் தண்ணீரோடும் கலக்காமல் தனி டிரம்மில் வையுங்கள். சுத்தமாக இருந்தால்தான் அதிலிருந்து மறுபடி ஆயில் எடுப்பது எளிது. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். பழைய பேட்டரிக்கு 2022 விதிகள் உண்டு. வண்டி கழுவும் தண்ணீருக்கு ஒரு படிவுத் தொட்டி, எண்ணெய் பிரிக்கும் அறை இருந்தால் மறுநாள் கழுவ அதே தண்ணீர் ஆகும்.

படி 5: பழைய வண்டி, புது வண்டி

2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு பெற்ற கழிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வண்டிக்கு எப்போது கெடு என்று இப்போதே பட்டியல் போடுங்கள். இன்னும் ஆறு மாதம் மட்டும் ஓடப்போகிற வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் போடுவது வீண். புதுப்பித்த யூனிட்டே போதும்.

சென்னையில் 2025 ஜூன் முதல் வியாசர்பாடியிலிருந்து மின்பேருந்துகள் ஓடுகின்றன. மின்பேருந்து வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், ஆயுள் முடிந்த பேட்டரியை யார் எடுத்துப்போவார் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

படி 6: இலக்கை எழுதுங்கள்

ஜெர்மனியின் ரயில் நிறுவனம் டாய்ச்ச பான், 2040-க்குள் முழுச் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாறுவதாக அறிவித்திருக்கிறது. தலைமையகத்துக்கு அந்த அளவு இலக்கு சரி. டிப்போவுக்கு அது எட்டாது. 'கழற்றிய 100 டயர்களில் ரீட்ரெடிங்குக்குத் தேறியவை எத்தனை', 'ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆயில்' என்று மூன்று நான்கு வரிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் இன்றைய எண், அடுத்த மார்ச்சில் வேண்டிய எண், பொறுப்பாளர் பெயர். மாதம் ஒருமுறை புது எண்களை எழுதி டயர் பிரிவில், வேலை செய்கிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். மேலாளர் அறைக்கு ஒரு நகல் போனால் போதும்.