கம்ப்யூட்டர் வேகத்துக்காகச் செய்து வேகத்தையே கெடுக்கும் வேலைகள்

சிஸ்டம் ஸ்லோ ஆனதும் பலர் முதலில் செய்வது ஒரு க்ளீனர் சாஃப்ட்வேரை இறக்குவது. அதில் பலனில்லை என்றால் ரேம் (ஓடும் ப்ரோக்ராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) வாங்கிப் போடுவது. எது திணறுகிறது என்று பார்க்காமலே இரண்டையும் செய்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும், காசும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். கணக்குப் போடும் சிப்பான சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் ஒட்டிக்கொண்டு நின்றால் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. சிபியு 100-ல் இருந்தால் ப்ராசஸஸ் பகுதியில் சிபியு என்ற தலைப்பைக் க்ளிக் செய்யுங்கள், தின்பது எது என்று மேலே வந்து நிற்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆன் செய்யும் கம்ப்யூட்டர், தேங்கிக் கிடந்த அப்டேட்டையும் வைரஸ் ஸ்கேனையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்கும். அப்போது டிஸ்க் 100-ஐத் தொடுவது இயல்பு. ஒரு மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிட்டு, பிறகு பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றுவது

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் மேல் ஒரு ஊசிக் கை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. அதனால் விநாடிக்கு ஏறத்தாழ 100 இடங்களுக்குத்தான் போய்வர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே விநாடியில் பல ஆயிரம் இடங்களைப் படித்துவிடும். டிஸ்க் 100-ல் நிற்கும் சிஸ்டத்துக்குக் கையில் இருக்கும் காசில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள், ரேம் பிறகு.

வாங்குவதிலும் தவறு நடக்கிறது. பழைய டெஸ்க்டாப்புக்கும் ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கும் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பிலேயே மாட்டும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். மதர்போர்டில் கார்டு போலச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதே என்று உடனே இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடக் கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும், அதில் என்விஎம்இ கார்டைச் செருகினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) பெயரே வராது. மதர்போர்டு மேனுவலில் அந்த ஸ்லாட்டின் வரியைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் 2 டிபி என்று விற்கும் பெயர் தெரியாத எஸ்எஸ்டிகள் பக்கம் போகவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, உள்ளே ஒரு மெமரி கார்டை ஒட்டி வைத்திருக்கும் சரக்கு அதில் நிறைய.

எஸ்எஸ்டியை மாட்டிவிட்டு விண்டோஸைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் எதுவும் மாறாது. விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும், போட்டோவும் படமும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம். பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதைவிட (க்ளோன்), 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் இன்ஸ்டாலரை உருவாக்கிப் புதிதாகப் போடுவது நல்லது. ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த குப்பை கூடவே வராது. இன்ஸ்டால் செய்யும் முன் பயாஸில் சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். போட்ட பிறகு மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் நீலத் திரையில் நின்றுவிட வாய்ப்புண்டு.

இதற்கெல்லாம் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5 என்ற வரிசைகளில் உள்ள எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. அன்றே ஃபைல்களை வேறிடத்துக்கு நகலெடுங்கள். சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கை அந்த டிஸ்க்கில் ஓட்டுவது அதை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

எஸ்எஸ்டி வந்த பிறகு

எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்ய வேண்டியதில்லை, அதனால் அதன் எழுதும் ஆயுள்தான் குறையும். விண்டோஸில் உள்ள ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் வசதியை மட்டும் அணைக்காதீர்கள். எஸ்எஸ்டி என்று தெரிந்தால் அது டிரிம் கட்டளையை அனுப்புகிறது. அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று டிரைவுக்குத் தெரிய அது வேண்டும்.

சி டிரைவை விளிம்புவரை நிரப்புவது அடுத்த தவறு. 15 முதல் 20 சதவீதம், அதாவது 256 ஜிபியில் 40 ஜிபி அளவு காலியாக இருக்கட்டும். இடம் பிடிக்கிறதே என்று விண்டோஸின் பாகங்கள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் கைவைத்து அழித்தால் அப்டேட்டுகள் உடையும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் அங்கிருந்தே அழியுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும், அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள்.

வீடியோக்களில் வரும் வித்தைகள்

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ் என்பதை டிக் செய்து உச்ச எண்ணைக் கொடுக்கச் சொல்லும் வீடியோக்கள் தமிழிலும் ஏராளம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போதே விண்டோஸ் ப்ராசஸரின் எல்லா கோரையும் பயன்படுத்துகிறது. டிக் செய்வது வரம்பு கட்டுவது மட்டுமே. மேக்சிமம் மெமரியும் அப்படித்தான், தவறான எண்ணைப் போட்டால் இருக்கும் ரேமையும் இழப்பீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் தினமும் அழிப்பதும் வீண் வேலை. ஒரு ப்ரோக்ராமைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள் அவை, அழித்தால் மறுபடி உட்கார்ந்து எழுதும். ரேம் க்ளீனர்கள் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, பார், ரேம் காலியாகிவிட்டது என்று காட்டும். நீங்கள் அடுத்த விண்டோவைத் தொட்டதும் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் பேஜ் ஃபைலை அணைத்தால் மெமரி தீரும் கணத்தில் ப்ரோக்ராம்கள் எச்சரிக்கையில்லாமல் மூடும். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் க்ளீனரால் வேகம் கூடாது, ஒரு தவறான வரியை அழித்தால் சிஸ்டமே எழாது. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டால் ஒவ்வொரு ஃபைலும் இருமுறை சோதிக்கப்படும். பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும்.

உண்மையில் பலன் தருவது டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதி. கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழுந்திருக்கும் டொரன்ட், கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப், பிரின்டர் உதவியாளர் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். இம்பாக்ட் ஹை என்று காட்டுவதில் தேவையற்றதை டிஸேபிள் செய்யுங்கள். ஆப் அழியாது, தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். ஆடியோ, டச்பேட் டிரைவர்களின் பெயரில் உள்ளவற்றை மட்டும் தொட வேண்டாம்.

தினமும் ஷட் டவுன் செய்தும் சிஸ்டம் சோர்ந்திருக்கிறதா? விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் ஷட் டவுனில் விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் முழுதாக மூடாமல் டிஸ்க்கில் சேமிக்கப்படும். பெர்ஃபார்மன்ஸில் சிபியுவின் கீழ் அப் டைம் பல நாள்களைக் காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். முழுதாகப் புதுசாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் வழி.

ரேம், சூடு

ரேம்தான் போதவில்லை என்று உறுதியானால், பெர்ஃபார்மன்ஸில் மெமரியின் கீழ் ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2 என்பது போன்ற வரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 ஆகிய ரேம் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 2013-க்குப் பிந்தைய டிடிஆர்3 லேப்டாப்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் தான் வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரே அளவில் இரண்டு ரேம் கார்டு போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும் டூயல் சேனல் கிடைக்கும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு இழுக்கும் மெஷினில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். வேலை செய்யும்போது சிபியு ஸ்பீட் அதன் பேஸ் ஸ்பீடைவிட மிகக் கீழே விழுந்தால், சூட்டால் சிப் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. மெத்தைமேல் வைத்து லேப்டாப் பயன்படுத்தினால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். டெஸ்க்டாப்பைத் திறந்து தூசி ஊதும்போது கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேக்குவம் க்ளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும். சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதற்காக 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பது வேகத்தைத் தரைமட்டமாக்கும். கோர் 2 டியோ போன்ற மிகப் பழைய சிப்களில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது. பிரவுசரும் கடிதம் தட்டச்சு செய்வதும் மட்டும் போதும் என்றால் அந்த மெஷினில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யாமலே வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும்.